காதால பாத்த படம்

— அந்த மூலைய கொஞ்சம் பிடி ஜெபா. பிடிக்க மாட்டேன்னா தள்ளி நில்லு. மரச்சீனிக் கிழங்குப் பசையாக்கும், புதுச் சேலையில பட்டா கறை போவாது.

— தேவகனி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? இந்த சினிமா படத்த எதுக்குட்டி திரும்பவும் ஒட்டுத? அதும் உள்ளறையில கூட இல்ல. முன்னறையில, வாசலுக்கு நேர! வாறவன் போறவனுக்கெல்லாம் முதல்ல தெரியுதது இதாக்கும்.

— தெரியணும்னுதான் ஒட்டுதேன்.

— வேதவசன காலண்டருக்கப் பக்கத்துல ஒரு சினிமாக்காரி! உங்கப்பா போட்டோவுக்கு நேர எதுத்தாப்புல!

— அப்பா பாத்துட்டுப் போகட்டும். செத்தவர சபையில இருந்து விலக்க முடியாதுல்லா.

— கர்த்தாவே, என்ன பேச்சு பேசுத!

— ரெண்டு தாளும் சேருத இடத்துல வள்ளம் கோணாம இருக்கணும். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஆங், அது போதும். இனி துணியால நீவு. இப்பம் பாரு. இந்தப் பக்கம் பாவாடை கட்டின குட்டி, கையில நெல்லிக்கா. அந்தப் பக்கம் அவளே வளந்து சேலை கட்டி, டிரங்குப் பெட்டியோட வள்ளத்துக்கப் பக்கத்துல. கொள்ளாம் இல்லியா? வீட்டுக்கே ஒரு களை வந்துட்டு.

— கொள்ளாம்தான். ஆனா மாமி சந்தையில இருந்து வந்து இதக் கண்டா வெட்டுக்கத்தி எடுப்பாவ.

— அம்மா எடுக்க மாட்டா. முதல்ல உள்ளறையில ஒட்டினப்ப ஏசினாளா? ஏசல. கதவ சாத்தி வைன்னு மட்டும்தான் சொன்னா.

— அது உள்ளறை. சரி, இஞ்ச பாரு கனி. நான் உன்கூட மல்லுக்கட்ட வரல. நாளைக்குக் காலம்பற எனக்கு வண்டி. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்.

— அதுக்குத்தான் புதுச் சேலையா?

— அம்மா எடுத்துத் தந்தது. நான் கேக்கல.

— நர்சு படிக்கப் போறவளுக்கு அங்க வெள்ளை உடுப்புதான் குடுப்பாவ. பூப்போட்ட சேலைய யாருக்குக் காட்டப் போற?

— நீ என்ன வேணும்னாலும் சொல்லு. நான் கேட்டுக்கிட்டு நிக்கேன். பரீட்சையில நீ முதல், நான் ரெண்டாவது. நம்ம பக்கத்துக்கு ஒரே ஒரு இடம். அது உனக்குள்ளது. எனக்குத் தெரியாதா? சத்தியமாட்டு சொல்லுதேன், ரெண்டு நாளா எனக்குப் பெட்டி கெட்ட மனசு வரல.

— மனசு வரலன்னாலும் போறல்லா?

— நீ போக முடியாதுன்னு ஆன பொறவுதானே என்னக் கூப்பிட்டாவ. போதகரு நற்சாட்சி எழுதிக் குடுத்தாத்தானே ஆசுபத்திரியில சேப்பாவ. உனக்கு எழுதித் தரமாட்டேன்னுட்டாரே.

— எதுக்குத் தரமாட்டேன்னாரு?

— உனக்குத் தெரியாதா? என்ன எதுக்குக் கேக்குத?

— உன் வாயால சொல்லு. எனக்குக் கேக்கணும்.

— நீ சினிமாவுக்குப் போனன்னு. நம்ம சபை உபதேசியாரு போதகருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. உன்ன அப்பமும் ரசமும் குடுக்குத ராப்போசனத்துல இருந்து நிறுத்திட்டாவ. நிறுத்தின ஆளுக்கு எந்தப் போதகரு நற்சாட்சி குடுப்பாரு?

— சரி. இனி இதயும் சொல்லு. நீயும் நானும் அந்தப் படத்த எப்பிடிப் பாத்தோம்?

— பாக்கவே இல்லியே. கேட்டோம்.

— எங்க இருந்து?

— உங்க மரச்சீனி விளையில இருந்து. வேலிக்கு அங்கால கொட்டகை. ஓலைச் செத்தை மறைவுக்கு உள்ள அவன் படம் ஓட்டுவான், வெளிய நம்ம ரெண்டு பேரும் லேஸுத் தலகாணிய மடியில வச்சிட்டு ஊசி குத்திக்கிட்டு இருப்போம். கையி லேஸ்ல, காது கொட்டகையில. போன வருசம் புதுக்கடையில போலீசு ஆளுகள வெடிவச்சப்பம் பூட்டின கொட்டகை. திறந்ததும் புதுப் படம் கிட்டாம பழைய படத்தக் கொண்டு வந்து போட்டான். அது பாத்தா மாசக்கணக்குல ஓடுச்சு.

— வசனம் முழுக்க நமக்கு மனப்பாடம். ஞாயித்துக்கிழமை பாட்டு கூட அப்பிடி வராது.

— மெதுவாச் சொல்லுட்டி.

— அவ எப்பம் வளந்தான்னு நம்ம எப்பிடிக் கண்டுபிடிச்சோம்?

— ஊஞ்சல் பாட்டுல. முதல் அடி கீச்சுக்குரல்ல பாடுவா. ஊஞ்சல் சங்கிலி ரெண்டு தடவ கிறீச்சு கிறீச்சுங்கும். அடுத்த அடிக்கு வேற குரலு. தண்ணி நிறைஞ்ச குடம் மாதிரி. நீதான் என் தொடையில கிள்ளி, 'ஏட்டி, அவ பெரிய மனுசி ஆயிட்டா'ன்னு சொன்ன.

— முகம் தெரியாம எத்தன நாளு கேக்குதது? அதுக்குத்தானே போஸ்டரு கேட்டேன். கொட்டகைக்குப் போஸ்டரு ஒட்டுத ஐயப்பன் பசை காய்ச்ச நம்ம அடுப்புக்குத்தானே வருவான். 'பிள்ளே, ஒண்ணு மிச்சம் இருக்கு, வேணுமா'ன்னான். படத்தப் பாக்கத்தான் சபையில விலக்கு. முகத்தப் பாக்க விலக்கு உண்டா?

— நானும் அதத்தான் நெனச்சேன்.

— நம்ம நெனச்சது தப்பா ஜெபா? காலம்பற கண்ணு முழிச்சா முதல்ல இவள்தான் தெரிவா. பெட்டியும் கையுமா நிப்பா. நம்மளும் போகணும்னு எனக்குத் தோணுனது இவளக் கண்டுதான். பரீட்சைக்குப் படிச்சது பூரா இவளுக்க காலடியில இருந்துதான்.

— ஆனா கனி, அவ போனாளா இல்லியான்னு நமக்குத் தெரியாதே. கடைசியில ஒண்ணும் பிடிகிட்டாதுல்லா. ஆத்துத் தண்ணி சலசலங்கும். பொறவு அதும் நிக்கும். பேச்சு இல்ல, பாட்டு இல்ல, ஒரு மூச்சு இல்ல. திடீர்னு கொட்டகை முழுக்க 'அய்யோ'ன்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், ஆளுகள் வெளிய வர ஆரம்பிச்சிரும்.

— போயிட்டா. வள்ளத்துல ஏறிப் போயிட்டா. அதுக்குத்தான் எல்லாரும் அய்யோங்கியாவ.

— அது நீயா வச்ச முடிவு.

— பின்ன வள்ளம் எதுக்கு? பெட்டி எதுக்கு? கண்ணால பாரு. போகாதவளுக்கு எவனாவது வள்ளம் வரைவானா?

— சரி, போயிட்டா. இப்பம் அதுக்கு என்ன?

— அவ போயிட்டா. நான் போகல. ஏன் போகலன்னு கேக்கத்தான் உன்ன உள்ள விட்டேன். உபதேசியாரு என்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா?

— தெரியாது. சபையில சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

— 'பச்சைச் சால்வை உனக்கதுதானே'ன்னாரு. ஆமான்னேன். மிஷன் வெள்ளக்கார மிஸ்ஸியம்மா எனக்கு லேஸுக்கு முதல் சம்மானமாத் தந்தது. இந்த ஊருல வேற எவகிட்ட பச்சைச் சால்வை இருக்கு? 'வெள்ளிக்கிழமை கொட்டகையில பொம்பள பக்கம் பச்சைச் சால்வை முக்காடு போட்டு இருந்தா, கண்ணால கண்ட சாட்சி உண்டு'ன்னாரு. சாட்சி யாருன்னு கேட்டேன். பேரு சொல்ல முடியாதுன்னுட்டாரு. நான் வெள்ளிக்கிழமை காய்ச்சலாக் கிடந்தேன்னு சொன்னேன். 'பனியில கொட்டகையில போய் இருந்தா காய்ச்சல் வராம என்ன செய்யும்'ன்னாரு.

— கர்த்தாவே.

— சுவத்துல இந்தப் படமும் இருந்துட்டு. மறுநாளு எனக்குக் காய்ச்சல்னு உள்ளறைக்கு ஜெபம் பண்ண வந்த உபதேசியாரு கண்டுட்டாரு. இனி நான் என்ன சொன்னாலும் எடுபடுமா?

— பாவம் நீ.

— பாவம் சொல்லாண்டாம். அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கஞ்சி கொண்டு வந்தது யாரு?

— நான்தான். பயத்தங்கஞ்சி. ரெண்டு வாய் குடிச்சிட்டு போதும்னு சொல்லிட்ட.

— சால்வை எங்க கிடந்தது?

— கொடியில.

— அம்மா கிள்ளியூருக்கு மாதர் ஜெபத்துக்குப் போயிட்டா. வீட்டுல நான் தனியே. நான் கண்ணசந்து போனேன். முழிச்சுப் பாத்தா நீ இல்ல. கொடியில சால்வையும் இல்ல. காலம்பற பாத்தா சால்வை கொடியிலயே கிடக்கு. நான் காய்ச்சல் மயக்கம்னு விட்டுட்டேன். இப்பம் யோசிச்சுப் பாக்கேன். எனக்கு உள்ள இடம் உனக்குக் கிட்டியிருக்கு. சால்வைய எடுத்தது யாரு ஜெபா?

— கனி! நீ எங்க வாற?

— அங்கதான் வாறேன்.

— நான் உனக்க சால்வையப் போட்டுட்டுப் படத்துக்குப் போனேன்னா சொல்லுத?

— போனியா?

— எங்க அம்மைக்க மேல ஆணை. நான் போகல.

— அப்பம் சாட்சி சொன்னது நீயா?

— இல்ல. சத்தியமாட்டு இல்ல. ஆணை வேணுமா? வேதத்தைத் தொட்டுச் சொல்லுதேன்.

— பின்ன எதுக்கு நீ என் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்க? வந்ததுல இருந்து போஸ்டரப் பாத்தே பேசுத. சொல்லு.

— நான் ஒண்ணும் செய்யல கனி. அதாக்கும் நான் செய்தது. ஒண்ணும் செய்யல. சபையில உன்ன எழுப்பி நிறுத்தினப்பம் நான் பாயில நாலாவது ஆளா இருந்தேன். நீ காய்ச்சலாக் கிடந்தத கண்ணால கண்டவ நான் ஒருத்திதான். நான் எழும்பி, 'உபதேசியாரே, இவளுக்கு நான்தான் கஞ்சி குடுத்தேன், இவ பாயில இருந்து எழும்பல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீந்துது. கையூணி எழும்பவும் பாத்தேன். அப்பம் பக்கத்துல இருந்த எங்கம்மை என் முந்திய இழுத்துட்டா. காதுல, 'ரெண்டாவது நீதாண்டி'ன்னா.

— நீ இருந்துட்ட.

— இருந்துட்டேன்.

— எங்கம்மா அன்னைக்கு வீட்டுல இருந்திருந்தா அவ சொல்லியிருப்பா. அவ கிள்ளியூரு போனதுதான் எனக்குக் கேடு. நீ இஞ்ச இருந்தும் சொல்லல.

— என்ன அடிச்சிரு கனி. வாயத் தொறந்து நாலு கெட்ட வார்த்தை சொல்லிரு. இப்பிடி மெதுவாப் பேசாத.

— துணியக் குடு. அந்த ஓரம் பொங்குது.

— மாமி வாறாவ. கனி, மாமி வாறாவ! கடவத்தத் தலையில வச்சிட்டு முத்தத்துல வந்துட்டாவ.

— வரட்டும்.

— ஏட்டி, அங்க யாரு, ஜெபாவா? ஒரு கை பிடி மக்கா, இந்தக் கடவத்த இறக்கு. கருங்கல் சந்தையில இன்னைக்குக் காலு வைக்க இடம் இல்ல, கேட்டியா. சாளை மீனு கிலுகிலுன்னு கிடக்கு. நீ நாளைக்கு வண்டி ஏறுதன்னு நாலு அதிகமா வாங்கினேன், இஞ்ச தின்னுட்டுப் போ... என்னது இது?

— போஸ்டரு.

— எனக்குக் கண்ணு தெரியும். முன்னறைச் சுவத்துல எதுக்கு இருக்குன்னு கேட்டேன்.

— அழகுக்கு.

— பிய்யி. பசை காயுததுக்கு முன்ன பிய்ச்சு எடு. ஜெபா, அந்தச் செம்புல தண்ணி கொண்டா.

— தொட்டன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.

— எங்க போவ? சவமே, எங்க போவ நீ? ஊரு எனக்கு என்ன பேரு வச்சிருக்கு? பைபிளம்மா. வீடு வீடாப் போய் பொம்பளைகளுக்கு வேதம் சொல்லிக் குடுக்கேன். கொட்டகைக்குப் போகாதீங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டு போச்சு. எனக்க வீட்டுச் சுவத்துல இவ பல்லக் காட்டிட்டு நின்னா, நாளைக்கு எவ எனக்குக் கதவு தொறப்பா?

— போகாத படத்துக்குப் போனேன்னு பேரு வாங்கியாச்சு. பேருக்குத் தக்கன வீடு இருக்கட்டும்.

— ஆறு மாசம்மா. ஆறு மாசம் கழிஞ்சா தானா சேத்துக்கிடுவாவ. இதுக்குப் போய் இந்த ஆட்டம் ஆடணுமா?

— ஆறு மாசம் கழிஞ்சா என் இடம் அங்க காத்துக்கிட்டு இருக்குமா? நாளைக்கு இவ போறா. என் இடத்துல இவ போறா.

— போனா போறா. எல்லாரும் போய்த்தான் ஆகணுமா? இஞ்ச இருந்து லேஸு பின்னுனா கை வெந்துருமா? உங்கப்பன் போன பொறவு இந்த வீட்டுல நீயும் நானும் இந்த அடுப்பும்தான். நீயும் போயிட்டா நான் சுவத்தப் பாத்தா பேச?

— சுவத்துல இவள வச்சிருக்கேன்லா. இவளப் பாத்துப் பேசு. இவளுக்கும் அம்மை இருந்தா. விட்டுட்டுப் போனாள்லா? போய்ப் படிச்சாள்லா?

— எவ போனா?

— இவ.

— கிழிச்சா. போனாளாம். வள்ளத்துல ஒரு கால வச்சா, அதுதான் அவ போனது. அம்மைக்காரி கரையில நிக்கா. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லல. அழல. மகளுக்க பெட்டியத் தலையில சுமந்துட்டு வந்தவ, அத இறக்கி வள்ளத்துல வச்சா. வச்சிட்டு, வெறும் சும்மாட்டுத் துணிய உதறித் தோள்ல போட்டுட்டுத் திரும்பி நடந்தா. மகளுக்க முகத்தப் பாக்கவே இல்ல. அந்த முதுகக் கண்டாளோ இல்லியோ, வச்ச கால எடுத்துட்டா இந்தப் பிள்ள. வள்ளம் பெட்டிய மட்டும் கொண்டுட்டுப் போச்சு. அதாக்கும் மகளு, கேட்டியா. பெட்டி போனா போகட்டும்னு நின்னா! என்ன ரெண்டும் முழிக்குதிய?

— மாமி.

— என்னட்டி?

— அந்த இடத்துல சத்தமே கிடையாதே மாமி.

— எந்த இடத்துல?

— கடைசியில. விளையில இருந்து எத்தன நாளு கேட்டோம். தண்ணி சத்தம் நின்ன பொறவு ஒண்ணுமே கிடையாது. பெட்டிய வச்சது, துணிய உதறினது, திரும்பி நடந்தது, ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— எவளோ சொன்னா. ஊருல எத்தன பேரு பாத்திருக்காவ. ஐயப்பன் சொன்னான், பசை காய்ச்ச வந்தப்பம்.

— ஐயப்பங்கிட்ட நான் கேட்டிருக்கேன் மாமி. 'கடைசியில என்ன ஆச்சு'ன்னு. 'எனக்குத் தெரியாது பிள்ளே, நான் ஒட்டுததோட சரி, உள்ள போயி இருந்ததில்ல'ன்னான்.

— அப்பம் வேற எவனாவது...

— அம்மா, கிள்ளியூருல மாதர் ஜெபம் என்னைக்கு?

— அது... மாறிக்கிட்டே இருக்கும்.

— வியாழக்கிழமை. எனக்குத் தெரியும். நீ வெள்ளிக்கிழமை போனேன்னு சொன்ன. காய்ச்சல்ல எனக்குக் கிழமை பிடிகிட்டல. இப்பம் கிட்டுது.

— மீனு கெட்டுப் போகும். நான் போய் நறுக்குதேன்.

— மீனு கிடக்கட்டும். சால்வைய எடுத்தது நீயா? அம்மா, நீயா?

— நீங்க ரெண்டு பேரும்தான் காது வச்சு கேட்டியன்னு நெனச்சியளா? நானும் பாயில கிடந்து கேப்பேன். வேதத்த மடியில வச்சிருப்பேன், ஒரு பக்கமும் புரட்ட மாட்டேன். அந்தப் பிள்ள ஊஞ்சல்ல பாடும்போ எனக்கு என்னமோ செய்யும். எனக்குப் பதிமூணு வயசுல உங்கப்பனக் கெட்டி வச்சாவ. ஊஞ்சல்ல நான் எப்பம் இருந்தேன்? அவளுக்க முகம் எப்பிடி மாறுதுன்னு ஒரு நாளு பாத்தா போதும்னு தோணிப்போச்சு, கேட்டியா. ஒரே ஒரு நாளு. ஊருக்கெல்லாம் போகாதன்னு சொல்லுதவ, எனக்க கால என்னால பிடிச்சு வைக்க முடியல.

— நீ எப்பமும் மேல போடுத வெள்ளைக் கவணிய முக்காடு போட்டுப் போயிருக்கலாம்லா?

— வெள்ளைக் கவணியக் கண்டா பைபிளம்மான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.

— பச்சைச் சால்வையக் கண்டா தேவகனின்னு தெரியாதா?

— இருட்டுல எவ பாக்கப் போறான்னு நெனச்சேன் மக்கா. படம் முடியுததுக்கு முன்ன எழும்பி வந்துரலாம்னுதான் போனேன். எழும்ப முடியல. அந்த அம்மைக்காரி பெட்டிய இறக்கி வச்சதப் பாத்துக்கிட்டு விளக்கு போடுதது வர இருந்துட்டேன்.

— மறுநாளு உபதேசியாரு வந்தப்பம் சொல்லியிருக்கலாம்லா?

— 'பச்சைச் சால்வை யாருக்கது'ன்னு மட்டும்தான் என்கிட்ட கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— கனிக்கதுன்னு சொன்னேன். உனக்கதுதானே. பொய் சொல்லல.

— ஓ கொள்ளாம்! பொய் சொல்லல! ஜெபா, கேட்டியா? நீ சும்மா இருந்த, எங்கம்மா பொய் சொல்லல. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் கிடையாது. குறை பூரா எனக்கு.

— மக்கா, வேலை போயிரும். இந்த வீடு மிஷன் வகை. என்ன நிறுத்திட்டா நம்ம எங்க போய் இருக்க? நீ சின்னப்பிள்ள. உனக்குன்னா அறியாம செய்ததுன்னு மன்னிச்சிருவாவ. எனக்கு மன்னிப்பு உண்டா?

— நான் எழும்பி நின்னப்பம் நீ முதல் பாயில இருந்த. எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. குலுங்கிக்கிட்டே இருந்த. நான் உள்ளுக்குள்ள என்ன நெனச்சேன் தெரியுமா? 'எனக்காக அம்மா அழுதாளே'ன்னு நெனச்சேன். எனக்கு வெக்கம் எல்லாம் போயிட்டு. அம்மா கூட இருக்கா, இனி எவன் என்ன சொன்னா என்னன்னு நிமிந்து நின்னேன்.

— அப்பிடிச் சொல்லாத மக்கா.

— வேலை போயிரும்னு மட்டும்தானா? வேற ஒண்ணும் இல்லியா?

— வேற என்ன?

— என் முகத்தப் பாத்துச் சொல்லு.

— நெனச்சேன். ஒரு நிமிசம் நெனச்சேன். நற்சாட்சி இல்லன்னா நீ இஞ்சதானே இருப்பன்னு. பாவிதான் நான்.

— மாமி, அழுது என்னத்துக்கு? கனி, நீயும் நில்லு. எனக்கு ஒண்ணு தோணுது. நேரம் இன்னும் போகல. போதகரு இன்னைக்கு ஊருலதான் இருக்காரு. உபதேசியாரு ஒரு வார்த்தை சொன்னா போதும், போதகரு இப்பமே நற்சாட்சி எழுதிருவாரு. காலம்பற வண்டியில நீ போகலாம்.

— நீ?

— எனக்குள்ளது இல்லாதத கெட்டிப்பிடிச்சுட்டு அங்க போய் எப்பிடி உறங்குவேன்? நான் இப்பமே உபதேசியாரு வீட்டுக்குப் போறேன். அன்னைக்கு சொல்லாதத இன்னைக்கு சொல்லுதேன். கஞ்சி குடுத்தது நான், கனி பாயவிட்டு எழும்பலன்னு. மாமிக்க பேர நான் எடுக்க மாட்டேன். அத மாமிதான் சொல்லணும்.

— ஜெபா, வேண்டாம். அங்க போகாத மக்கா.

— போறேன் மாமி. இன்னைக்கும் முந்திய பிடிச்சு இழுக்காதீங்க.

— ஏட்டி நில்லு! ஜெபா! சொன்னா கேளு!

— விடும்மா, போகட்டும். அன்னா ஓடியே போயிட்டா. புதுச் சேலையப் பாரு, சகதியில இழுத்துட்டுப் போறா.

— அவள நீ பிடிச்சு நிறுத்தியிருக்கணும்.

— எதுக்கு நிறுத்தணும்? அம்மா, இஞ்ச பாரு. இரி. இதுல இரி. எனக்கு இப்பம் கோவம் இல்ல. கோவப்பட நேரமும் இல்ல. நீ சபையில எழும்பி நிக்காண்டாம். எவளுக்கும் தெரியாண்டாம். உபதேசியாரு காதுல மட்டும் சொல்லிரு. 'பிள்ளை இல்ல, நான்தான்'னு ஒரு வார்த்தை. உனக்கு வேலை போகாம அவரு பாத்துக்கிடுவாரு. எனக்கு எழுத்து சொல்லித் தந்த ஆளுல்லா? இரங்குவாரு.

— சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல மக்கா.

— உனக்குச் சொல்ல வாய் வரலன்னா நானே சொல்லுதேன். இல்லன்னா ஒண்ணு செய்வோம். 'அந்த சாட்சியக் கூப்பிடுங்க, எங்க முன்னால நிறுத்தி, நல்லாட்டுக் கண்டியான்னு கேளுங்க'ன்னு நம்ம கேப்போம். சால்வையக் கண்டவன் முகத்தைக் கண்டிருக்க மாட்டான். கண்டிருந்தா என் பேரச் சொல்லுவானா? சாட்சி ஒருத்தன் தடுமாறினா கேசு தீந்துது.

— தடுமாற மாட்டாரு.

— யாரு?

— முகத்தக் கண்டாச்சு மக்கா.

— என்னம்மா சொல்லுத? யாரு கண்டா?

— கொட்டகையில இருந்து வெளிய வாறதுக்கு வாசல் ஒண்ணுதான், கேட்டியா. படம் முடிஞ்சு விளக்கு போட்டான். நான் முக்காட்ட விலக்கிக் கண்ணத் தொடைச்சேன். ஆம்பளைக பக்கத்துல இருந்து ஒருத்தரு தோள்த் துண்டால கண்ணத் தொடைச்சிட்டு வந்தாரு. உபதேசியாராக்கும், நீ கேக்குத சாட்சி. அவரு என்னக் கண்டாரு, நான் அவரக் கண்டேன். நாங்க ரெண்டு பேரும் தப்பணும்னா சால்வைக்காரிதான் மாட்டணும்.